மடியில் கிடந்த வெப்லி

போன வருடம் ஆடி மாதம், அப்பம்மாவின் றங்குப்பெட்டியை வெயிலில் காயவைக்க இறக்கினோம். கூறைச் சேலை, காணி உறுதிகள், கறையான் அரித்த பஞ்சாங்கங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தோல் உறை கிடந்தது. மண்ணிறம், விளிம்பெல்லாம் வெடித்து, ஒரு பக்கத் தையல் விட்டுப்போயிருந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு லைசென்ஸ் புத்தகமும் தோட்டா வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்றும். சாமானைக் காணவில்லை.

"உது மாமான்ரை ரிவோல்வர் உறை. எறியாதை, உள்ளுக்கு வை" என்றார் அப்பம்மா. மாமா என்றால் அவருடைய மாமனார், எனக்குப் பூட்டன். மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து, 1938இல் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். வலிகாமம் மேற்கில் அந்தக் காலத்து மலாயா பென்ஷன்காரர் வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும்: கல்வீடு, போர்ட்டிக்கோ, சாய்மனைக் கதிரை, சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு ரிவோல்வர் இருந்திருக்கிறது.

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிற எனக்கு இது போதும். பொருளே இல்லாமல் ஒரு பொருளின் வரலாற்றை எழுத முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் சொல். துப்பாக்கி என்று எழுதுகிறோம், துவக்கு என்று கதைக்கிறோம். இரண்டுமே ஒரு துருக்கிச் சொல்லின் பேரப்பிள்ளைகள்தான். ஊரில் துவக்கு என்றால் அநேகமாக சொட்கன், இல்லாவிட்டால் வாயால் மருந்து இடித்து நிரப்பும் இடியன். வன்னியில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு. இவையெல்லாம் தோட்டத்துக்கும் வயலுக்கும் உரியவை. ரிவோல்வர் அப்படியில்லை. அதை வைத்துக் காகத்தைக்கூடச் சுட்டு விழுத்துவது கஷ்டம். ஆளை நோக்கி நீட்டுவதற்கென்றே செய்த சாமான் அது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், ஆனால் எனக்கு அது பிந்தித்தான் உறைத்தது.

இனி அடையாளம் காணுதல். லைசென்ஸில் 'வெப்லி, 0.455' என்றும் ஓர் இலக்கமும் மையால் எழுதியிருக்கிறது. வெப்லி என்பது பர்மிங்காம் கம்பனி. 1887இல் பிரிட்டிஷ் இராணுவம் அவர்களுடைய மார்க் 1 ரிவோல்வரை ஏற்றது. அங்கிருந்து படிப்படியாக மாறி 1915இல் மார்க் 6 வந்தது, முதலாம் உலகப்போரின் அதிகாரிகள் இடுப்பில் கட்டியது அதைத்தான். இந்த வரிசை முழுவதும் நடுவால் முறிகிற வகை. இடப்பக்கம் இருக்கும் நெம்பைப் பெருவிரலால் அழுத்தினால் குழல் கீழே சாயும், உள்ளே இருக்கும் நட்சத்திர வடிவத் தகடு ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒரேயடியாக மேலே தள்ளும். மார்க் 5 வரைக்கும் வழமையான குழல் நீளம் 4 அங்குலம். மார்க் 6இல் அது 6 அங்குலம், பிடியும் சதுரமாகிவிட்டது.

எங்களிடம் குழல் இல்லை, ஆனால் தோல் இருக்கிறது. பல வருடம் ஒரே பொருளைச் சுமந்த தோல் அதன் உருவத்துக்கே வளைந்துவிடும். எங்கள் உறையில் சுழலும் உருளை புடைத்த இடம் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே நுனி வரை நூல் பிடித்து அளந்தேன்: 6 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஆகவே மார்க் 6 என்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் நிற்காத சாட்சிதான், என்றாலும் கட்டுரைக்குக் காணும்.

சாமான் கையில் இருந்திருந்தால் இன்னும் நிறைய வாசிக்கலாம். பிரிட்டனில் விற்கப்படும் எந்தத் துப்பாக்கியும் முதலில் ஒரு சோதனைச் சாலையில் அளவுக்கு மிஞ்சிய மருந்து போட்டுச் சுட்டுப் பார்க்கப்பட வேண்டும். தப்பினால் முத்திரை குத்துவார்கள். பர்மிங்காமில் அந்தச் சாலை 1813இலிருந்து இயங்குகிறது. 1904க்குப் பிறகு வந்த முத்திரைகளில் கிரீடத்தின் கீழே 'என்.பி.' என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா மருந்துக்கும் அந்தக் குழல் தாங்கும் என்று பொருள். நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்றிருந்தால் அது பெல்ஜியத்து லியேஜ் நகரச் சோதனை. ஆங்கில ரிவோல்வர்களைப் பார்த்து அங்கே மலிவாகச் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். அகன்ற அம்புக்குறி ஒன்று இருந்தால் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் அரசாங்கம் அதை விற்றுவிட்டது என்று அர்த்தம். உடலிலும் குழலிலும் உருளையிலும் ஒரே இலக்கமா, வேறு வேறா என்பதையும் பார்ப்பார்கள். வேறு என்றால் இடையில் யாரோ பாகம் மாற்றியிருக்கிறார்கள். பூட்டனின் வெப்லியில் அம்பு ஒன்றா இரண்டா என்று தெரிந்தால், இராணுவத்திலிருந்து களவாக வந்ததா, முறையாக வந்ததா என்று தெரிந்திருக்கும்.

வெளிநாட்டில் இப்படிப் பரம்பரையாக வந்த ரிவோல்வரை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: எப்படித் துடைப்பது, என்ன விலை போகும். இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. நீலம் பாய்ச்சிய பழைய மேற்பரப்பை மண்கடதாசி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரைகளும் மழுங்கும், மதிப்பும் பாதியாகும். அனுபவசாலிகள் மெல்லிய எண்ணெய், மென்மையான துணி, குழலுக்குள் பித்தளைத் தூரிகை இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். துரு தின்ற குழியை அப்படியே விடுவார்கள். அதுவும் அதன் வரலாறுதானே.

எங்கள் நாட்டில் அந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, 1916இல் வந்த சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. காணி மாதிரி முதுசமாக இறங்காது. ஆகவே உங்கள் வீட்டுப் பரணிலோ கிணற்றிலோ இப்படி ஒன்று அகப்பட்டால் தொடவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், படம் எடுத்துப் போடவும் வேண்டாம். கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். பழைய சாமான் என்றால் வெறுமையாக இருக்கும் என்று நம்பிச் செத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

பூட்டன் துடைத்த கதைக்கு வருகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அந்த ரிவோல்வரைப் பற்றிய ஒரே ஞாபகம் அதுதான். அப்பம்மா சொல்வது: "மாமா விறாந்தையிலை பேப்பர் விரிச்சு, தையல் மிசின் எண்ணெய் போட்டுத் துடைப்பார். லைசென் புதுப்பிக்கிற நேரம் கொண்டுபோய்க் காட்டவேணுமெண்டு. நாங்கள் ஒருத்தரும் கிட்டப் போகேலாது." வருடத்துக்கு ஒருமுறை, ஒரு கிழவரின் பொழுதுபோக்கு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதே கதைதான் தெரியும்.

இதையே எழுதி முடித்திருப்பேன். ஒழுங்கைக்கு அங்கால் இருக்கும் ஓர் ஐயாவிடம் வேறு விசயமாகப் போனபோது, கதையோடு கதையாக உறையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு இப்போது 78 வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அது இன்னும் கிடக்கோ?"

"உறை மட்டும்தான் ஐயா."

"நான் அதைக் கண்டிருக்கிறன், பிள்ளை. 68ஆம் ஆண்டு ஒரு மாசம் முழுக்க, ஒவ்வொரு நாளும் பின்னேரம் கண்டிருக்கிறன்."

1968 எங்கள் பக்கத்தில் எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சொல்லவேண்டும். பாடப்புத்தகத்தில் அது பெரிதாக இல்லை. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. பொது இடத்தில் சாதி சொல்லித் தடுப்பது குற்றம். சட்டம் கொழும்பில் இருந்தது, தேநீர்க்கடையில் வேறு கிளாஸ் இருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பிறகு தேநீர்க்கடைகள், கோயில்கள் என்று போராட்டம் பரவியது. சங்கானைப் பக்கம் மிகவும் சூடாக இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக வந்தவர்களைத் தடுத்து நின்றவர்களில் கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கமும் ஒருவர். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. படித்த மனிதர் என்பது ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை.

ஐயாவுக்கு அப்போது 21 வயது. எங்கள் வளவுக்கு முன்னால் இருக்கும் ஒழுங்கைதான் அவர்கள் பகுதியிலிருந்து சந்திக்கும் கோயிலுக்கும் போகும் வழி. "நயினார் எண்டுதான் கூப்பிட வேணும் அப்ப. அவர் விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை இருப்பார். மடியிலை ஒரு துணி. துணியிலை அது. துடைப்பார், முறிச்சுப் பாப்பார், திருப்பி மூடுவார். டக் எண்டு சத்தம் ஒழுங்கைக்குக் கேக்கும். எங்களைப் பாக்கவும் மாட்டார்."

"சுட்டவரோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. அவருக்குச் சுடவேண்டிய தேவையே வரேல்லை. நாங்கள் கன பேர் சுத்திப் போனம்."

வீட்டுக்கு வந்து அந்தப் பற்றுச்சீட்டை மறுபடி எடுத்தேன். 1949ஆம் ஆண்டு, 50 தோட்டா. அதற்குப் பிறகு வாங்கியதாக எதுவும் இல்லை. இங்கேதான் துடைப்பதன் இரசாயனம் எனக்கு உதவியது. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருந்த தீமூட்டி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது ஒரு வகை உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, சில நாட்களிலேயே துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, அதன் பிறகே எண்ணெய். ஆக, அடிக்கடி துடைக்கவேண்டியது அடிக்கடி சுடுபவருக்குத்தான். சுடாத துவக்குக்கு, எங்கள் உப்புக்காற்றிலும்கூட, இடைக்கிடை ஒரு எண்ணெய்த் துணி காணும். தினமும் பின்னேரம், தெருவைப் பார்த்த விறாந்தையில், ஒரு மாதம் முழுக்க எண்ணெய் போட அந்த ரிவோல்வருக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. தேவை வேறொன்றுக்கு இருந்திருக்கிறது.

அப்பம்மா பொய் சொல்லவில்லை. அவர் அடுப்படியிலிருந்து பார்த்தார், ஐயா ஒழுங்கையிலிருந்து பார்த்தார். ஆனால் இரண்டு பார்வைகளும் சமம் என்று எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. வாய் யாரைப் பார்த்து இருந்தது என்பது ஒழுங்கையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

மிச்சக் கதை சுருக்கமானது, அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுபோல. பூட்டன் 1972இல் இறந்தார். அப்பப்பா தன் பெயருக்கு விண்ணப்பித்து எடுத்தார். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி பெரும்பாலும் சொட்கன்களோடும் கையால் செய்த குண்டுகளோடும் நடந்து முடிந்திருந்ததால் துவக்கு விசயத்தில் அரசாங்கம் கடுமையாக இருந்த காலம். எப்படிக் கிடைத்ததோ தெரியாது. 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். அதற்குப் பிறகு கைத்துவக்கு என்ற சொல்லுக்கே ஊரில் வேறு அர்த்தம் வந்துவிட்டது. எங்கள் லைசென்ஸில் கடைசி முத்திரை 1983. 1985இல் ஓர் இரவு இயக்கப் பெடியள் வந்து கேட்டார்கள், அப்பப்பா எடுத்துக் கொடுத்தார். அந்த வருடங்களில் சொட்கன் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் இப்படித்தான் யாராவது ஓர் இயக்கம் வந்தது. "தம்பி மரியாதையாத்தான் கேட்டவன், உறை வேண்டாமாம்" என்கிறார் அப்பம்மா. 1987 ஓகஸ்ட் 5 பலாலியில் ஆயுத ஒப்படைப்பு நடந்தபோது, அந்தக் குவியலில் மாமாவுடையதும் இருக்குமோ என்று அப்பப்பா பத்திரிகைப் படத்தை உற்றுப் பார்த்தாராம். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் றங்குப்பெட்டி கொடிகாமம் வரை போய்த் திரும்பியது. உறை அதற்குள்ளேயே இருந்தது.

2023இல் நெதர்லாந்து, 1765இல் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்த பொருட்களைத் திருப்பிக் கொடுத்தது. லெவ்கேயின் பீரங்கியோடு இரண்டு பெரிய சுவர்த் துவக்குகளும் கொழும்புக்கு வந்தன. அவற்றின் உலோகத்தையும் வேலைப்பாட்டையும் பழைய பதிவுகளையும் சேர்த்து வாசித்து, யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று ஆராய்ந்த பிறகே அது நடந்தது. மன்னரின் துவக்கு என்றால் அப்படி ஆராய ஆள் இருக்கிறது. நாவலர் வீதி அருங்காட்சியகத்திலும் கோட்டையின் துருப்பிடித்த பீரங்கிகள் இருக்கின்றன. விறாந்தையில் இருந்த துவக்குகளின் கணக்கை எடுக்க ஒருவரும் இல்லை. அவற்றை நினைவு வைத்திருக்கும் ஆட்களுக்கு எண்பது வயதாகிறது.

ஐயா சொன்னதை அப்பம்மாவிடம் சொன்னேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. கன நேரத்துக்குப் பிறகு, "மாமா அந்த வருசம் சரியாப் பயந்துபோயிருந்தவர்" என்றார். யாருக்குப் பயம் என்று கேட்டேன். "உனக்கு விளங்காது, போ."

உறையையும் லைசென்ஸையும் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பேரும் சொன்னதை இரண்டு தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். ஐயாவின் தாளை அவருக்கே வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் திருத்தினார்: நான் 'பயந்து சுற்றிப் போனோம்' என்று எழுதியிருந்தேன், 'பயந்து' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். எழும்பப் போகும்போது, லைசென்ஸில் உள்ள இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார். ஏன் ஐயா என்று கேட்டேன்.

"சும்மாதான், பிள்ளை. எழுது."

ஐந்து இலக்கம். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்துவிட்டு, மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார்.