நாவலரும் அச்சுயந்திரமும்

தம் நூலைத் தாமே பதிப்பிப்போரை இன்று வியந்து பார்க்கின்றோம். யாழ்ப்பாணத்தில் இது பழைய வழக்கு.

1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. பிள்ளைகளின் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனாரின் அச்சகம் 1834 முதலே இருந்தது. அங்கே சைவபாடம் அச்சேறுமா? ஏடெழுதிக் கட்டுபடியாகாது. 1849 இல் சதாசிவப்பிள்ளையோடு கடல் கடந்தார். திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ என்ற பட்டத்தை ஈந்தது அந்தப் பயணத்தில்தான். சென்னையில் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டு, யந்திரத்தோடு ஊர் மீண்டார்.

நாவலரின் பேச்சையே நாம் அதிகம் பேசுகின்றோம். எனக்கோ அவருடைய மேசைதான் கண்ணில் நிற்கின்றது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்தபோது ஒரு சொல்லைப் பலமுறை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். கற்ற இடம் ஒன்று, பயன்பட்ட இடம் வேறு! வசனத்திற் சந்தி பிரித்தார்; நிறுத்தக்குறிகள் இட்டார். எழுதியவரே பிழை திருத்தினார், பதிப்பித்தார். பாலபாடங்கள் வெளிவந்தன, 1852 இல் பெரியபுராண வசனம்.

அவருடைய பள்ளி எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் அச்சுப் புத்தகம் யார் கைக்குப் போகும் என்பதை அச்சிட்டவராலும் தடுக்க முடியவில்லை.

பின்னர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். பழைய ஏடுகளைத் தேடி அலைந்ததும் கைப்பொருளை இழந்ததும் அடுத்த வாரம் பேசவேண்டிய கதை.