இருளுக்கு இரண்டு பொருள்

வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும் எங்கள் இராமநாதபுரச் சீமையின் மேடைகளில் ஒளியின் வரலாற்றைத் தீவட்டி, பெட்ரோமாக்ஸ், மின்விளக்கு என மூன்று சொற்களில் முடித்துவிடலாம். நான்காவதாக வந்த ரிலேயைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும்.

கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு நகர, பெரிய விளக்கின் சுற்று மூடும் அல்லது திறக்கும். 1830களில் ஜோசப் ஹென்றி செய்துகாட்டிய இக்கோட்பாடு முதலில் தந்திக்கு உழைத்தது. மேடைக்கு வந்தது பின்னால்தான். விளக்கின் பெருமின்சாரம் இயக்குபவர் கைக்கு அருகே வராமலேயே, ஒரே பொத்தானில் பத்து விளக்குகள் அணையும்.

சுருளில் மின்சாரம் நின்றுபோனால் தகடு எந்தப் பக்கம் விழ வேண்டும்? சுற்று வரைபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். மேடையில் இருள் என்றால் காட்சி முடிந்தது. தவறிப்போனாலும் கூட்டம் விசிலடிக்கும், அவ்வளவே. இதே ரிலேயை இருப்புப்பாதைக்குக் கொண்டு சென்றவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. மின்சாரம் நின்றால் தகடு தன் எடையாலேயே விழுந்து 'நில்' என்னும் பக்கம் சேருமாறு அமைத்தார்கள். எரியாத கைகாட்டி விளக்கையும் இரவில் 'நில்' என்றே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி கைகாட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் விளக்கு தானே சிவப்பாகும். மனிதர் எவரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் இரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது.

ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு நேர்ந்தது பாலத்தில் அன்று. பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால். புயலில் கைகாட்டி விளக்கு எரியவில்லை என்றும், ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்து, நீண்ட ஊதல் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்றும் சொல்கிறார்கள். விதியைக் காட்டி அவரைப் பழிப்பது எனக்கு ஒப்பவில்லை. பின்னால் இருள், முன்னால் நிலையம். நின்ற இடத்திலும் கடல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த இருள் அபாயத்தின் இருளா, வெறும் பழுதின் இருளா என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை, கம்பியும் இல்லை.

வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.