சித்திரைக்குக் கீழே ஒரு ஒளித் திட்டு

கணக்கு வாத்தியாராக முப்பது வருஷம் கரும்பலகையைப் பார்த்தாகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு மொட்டைமாடியில் அதைவிடப் பெரிய கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பழக்கம் உள்ளவர்கள் எல்லோர் கையிலும் முதலில் வந்து சேர்வது மெசியே பட்டியல்தான்.

சார்ல் மெசியே பாரிஸில் இருந்துகொண்டு வால்நட்சத்திரம் தேடியவர். வால்நட்சத்திரம் போலவே மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும் பொருள்களைத் தனியே குறித்து வைத்தார். 1781-ல் அந்தப் பட்டியலில் 103 பொருள்கள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் சேர்த்து இன்று 110. விண்மீன் கொத்து, நெபுலா, கேலக்ஸி எல்லாம் அதில் உண்டு.

ஆனால் கோளக் கொத்துகளிலேயே மிகப் பிரகாசமான ஒமேகா சென்டாரி அதில் இல்லை. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம் அது. தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு. இருந்தும் நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

விடுபட்ட காரணம் வெறும் கழித்தல் கணக்கு. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 47.5 டிகிரியில் இருக்கிறது ஒமேகா சென்டாரி. 90-லிருந்து அந்த 47.5-ஐயும் உங்கள் ஊரின் அட்சரேகையையும் கழித்தால், அது தெற்கே எவ்வளவு உயரம் ஏறும் என்பது வந்துவிடும். பாரிஸ் 49 டிகிரி. விடை மைனஸ் ஆறரை. அதாவது அங்கே அது உதிப்பதே இல்லை. சென்னை 13 டிகிரி. இருபத்தொன்பதரை டிகிரி உயரம் வரும். நான் இருக்கும் தென்காசியில் முப்பத்துமூன்றரை.

மெசியேவைக் குறை சொல்ல முடியாது. தெரியாததை அவர் எப்படி எழுதுவார்? பாரிஸ் வானத்துக்குப் போட்ட பட்டியலை உலகத்து வானம் என்று நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

ஒமேகா சென்டாரியின் சரித்திரத்தைப் பார்த்தால், யார் எங்கே நின்றார் என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் முக்கியமாகிறது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் டாலமி இதை ஒரு நட்சத்திரம் என்றே எழுதினார். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்தக் காலத்தில் இது இன்றைவிடச் சுமார் 10 டிகிரி வடக்கே இருந்தது. அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 1603-ல் ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்தவர் ஜெர்மனியின் யோஹான் பேயர். அவருடைய ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து இது தெரியவே தெரியாது.

1677-ல் எட்மண்ட் ஹாலி, இருபது வயதுப் பையன், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த் தொலைநோக்கியைத் திருப்பினார். இது நட்சத்திரம் அல்ல, ஒளித் திட்டு என்று கண்டார். 1826-ல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் பார்த்தபோதுதான் இது கோளக் கொத்து என்று தெரிந்தது.

ஹாலி செயின்ட் ஹெலினாவில் இருந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1689 டிசம்பரில், நம் புதுச்சேரியில் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே சென்டாரஸ் மண்டலத்தில் உள்ள ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரம் என்று அப்போது கண்டுபிடித்தார். நம் கடற்கரை எவ்வளவு நல்ல இடம் என்பதற்கு இது போதும்.

இனி, எப்போது பார்ப்பது? பேரன் செல்போனில் ஒரு செயலியைத் தட்டி உடனே சொல்லிவிடுகிறான். எனக்குத் தினசரிக் காலண்டரே போதும். நம் சூரிய மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை. சித்திரை மாதம் பிறக்கும்போது, சூரியனுக்கு நேர் எதிரே சித்திரை நட்சத்திரம் நிற்கும். ஆங்கிலத்தில் ஸ்பைகா என்பது அதுதான். எனவே தமிழ்ப் புத்தாண்டு அன்று நள்ளிரவை ஒட்டிச் சித்திரை தெற்கு உச்சிக்கு வரும். ஒமேகா சென்டாரி கிட்டத்தட்ட அதற்கு நேர் கீழே, 36 டிகிரி இறக்கத்தில் இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி. சித்திரையிலிருந்து மூன்றரை முஷ்டி இறங்குங்கள்.

நட்சத்திரங்கள் தினம் நான்கு நிமிஷம் முந்தி வரும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே சித்திரை முதல் தேதி நள்ளிரவு, வைகாசி முதல் தேதி பத்து மணி வாக்கில், ஆனி முதல் தேதி எட்டு மணி வாக்கில் இது தெற்கே உச்சத்தில் நிற்கும். ஆனியில் எங்கள் பக்கம் சாரல் மேகம் மூடிவிடும். வைகாசிதான் வசதி. நிலா இல்லாத இரவாகப் பாருங்கள்.

சாதாரண பைனாகுலரில், விபூதியைத் தொட்டுக் கண்ணாடியில் வைத்தாற்போல் ஒரு வட்டம் தெரியும். அதன் நடுவில் சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதற்கான தடயத்தை, ஹபிள் இருபது ஆண்டுகளில் எடுத்த படங்களிலிருந்து 2024-ல் வெளியிட்டார்கள்.

எங்கள் தெருவின் தெற்கு முனையில் இப்போது வெள்ளை விளக்கு போட்டுவிட்டார்கள். 33 டிகிரிதானே உயரம், அந்த வெளிச்சம் நேரே அதன் மேல்தான் விழுகிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கி நின்று பார்க்கிறேன். உங்கள் ஊரில் தெற்குப் பக்கம் இன்னும் இருட்டாக இருந்தால், இந்த வைகாசியிலேயே பார்த்துவிடுங்கள்.