லெட் டு பை: தவணை தவறியவரின் இரண்டாவது வீட்டுக் கடன்

ஐக்கிய இராச்சியத்தில், குடியிருக்கும் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, தான் குடிபோக இன்னொரு வீட்டைக் கடனில் வாங்குவது ‘லெட் டு பை’ எனப்படுகிறது. பெயர் ஒன்று, கடன் இரண்டு. பழைய வீட்டின் மீதுள்ள குடியிருப்புக் கடன் வாடகை வீட்டுக் கடனாக மாற்றப்படும். புதிய வீட்டுக்குத் தனியே ஒரு குடியிருப்புக் கடன் எடுக்கப்படும். பெரும்பாலும் இரண்டு கடன்களும் ஒரே நாளில் நடைமுறைக்கு வருகின்றன. வாடகைக்கு விடுவதற்காகவே வீடு வாங்கும் ‘பை டு லெட்’ இதிலிருந்து வேறுபட்டது.

முன்பு ஏதாவது ஒரு கடனில் தவணை தவறியவர்களும் இந்த வழியில் வீடு வாங்குகிறார்கள். தவறிய தவணை கதவை அடைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது பெரும்பாலும் கதவை அடைப்பதில்லை. நுழைவுக் கட்டணத்தை உயர்த்துகிறது. புதிய வீட்டுக்குக் கட்ட வேண்டிய முன்பணம் அதனால் கூடுகிறது. அதே நேரத்தில், பழைய வீட்டை விற்காமல் வைத்திருப்பதால் முத்திரை வரி ஏறி, அந்த முன்பணத்துக்கென்று ஒதுக்கிய பணத்தையே தின்கிறது. ஒரே பணப்பையை இரண்டு கைகள் இரண்டு பக்கமிருந்தும் இழுக்கின்றன. இந்த இழுபறியைப் புரிந்துகொண்டால் இந்தக் கடனைப் புரிந்துகொள்வதில் பாதி வேலை முடிந்தது.

பின்னணி

1989 அக்டோபரில் பிரிட்டனின் அடிப்படை வட்டி 15 விழுக்காட்டைத் தொட்டது. அதன்பின் வீட்டு விலைகள் சரிந்து, பலருக்கு வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிட்டது. விற்றால் கடன் அடையாது. வேலைக்காகவோ குடும்பத்துக்காகவோ வேறு ஊர் போயாக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் விருப்பமின்றியே வாடகைக்கு விட்டு வீட்டுக்காரர்கள் ஆனார்கள். 1988ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் குறுகிய கால வாடகை ஒப்பந்தத்தை ஏற்கெனவே உருவாக்கியிருந்ததால், குடியிருப்பவரை வெளியேற்ற முடியாமல் போய்விடுமோ என்ற கடன் நிறுவனங்களின் அச்சம் குறைந்தது. 1996இல் வாடகை முகவர்கள் சங்கமும் சில கடன் நிறுவனங்களும் சேர்ந்து பை டு லெட் கடனை அறிமுகப்படுத்தின.

2007க்கு முன் வருமானச் சான்று கேட்காமலும், மோசமான கடன் வரலாற்றைப் பொருட்படுத்தாமலும் கடன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் பணம் எடுக்க மக்கள் வரிசையில் நின்றதோடு அந்தக் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. 2014 ஏப்ரல் 26 முதல் நடப்புக்கு வந்த விதிகள், குடியிருப்புக் கடன் கேட்பவரின் வரவை ஆதாரத்தோடு சரிபார்ப்பதையும் செலவைக் கணக்கில் எடுப்பதையும் கட்டாயமாக்கின. தவணை தவறியவருக்கு இன்று கடன் தரும் சிறப்பு நிறுவனங்களும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவைதான்.

கடன் வரலாறு எப்படிப் படிக்கப்படுகிறது

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் மாதம் மாதமாகப் பதிவு செய்கின்றன. தவறிய தவணையைப் பின்னர் கட்டி முடித்தாலும் அந்த மாதத்தின் குறி 6 ஆண்டுகள் நிற்கும். தவணைகள் தொடர்ந்து தவறி, வழக்கமாக 3 முதல் 6 மாத பாக்கி சேர்ந்தால் கணக்கு ‘டீஃபால்ட்’ எனக் குறிக்கப்படும். அந்தக் குறியும் பதிந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளில் நீங்கிவிடும். இடையில் பாக்கியைத் தீர்ப்பதால் அந்தக் காலக்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை. ஆகவே, பழைய பாக்கியைத் தொட்டால் குறி புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று அஞ்சிக் கட்டாமல் விடுவது தவறு. நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவான கடனும் 6 ஆண்டுகள் நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிட்டால் பதிவை நீக்கச் செய்யலாம்.

எல்லாத் தவறுதல்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. கைபேசிக் கட்டணத்தில் ஒரு மாதம் தவறியதைப் பல நிறுவனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடன் அட்டை பாக்கி அதைவிடக் கனமானது. வீட்டுக் கடனில் தவறியதுதான் எல்லாவற்றிலும் கனமானது; வேறு எதைக் கட்டாவிட்டாலும் தலைக்கு மேலுள்ள கூரைக்குக் கட்டுவார்கள் என்பதே கடன் கொடுப்பவர்களின் எதிர்பார்ப்பு. லெட் டு பை கேட்பவர் தவறியது, இப்போது வாடகைக்கு விடப்போகும் அதே வீட்டின் தவணையாக இருந்தால், அந்த ஒரு குறி இரண்டு விண்ணப்பங்களையும் பாதிக்கும்.

எடையைப் போலவே காலமும் முக்கியம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டு தவணை தவறி, அதன்பின் ஒன்றுகூடத் தவறாதவரின் நிலை, போன ஆண்டு தவறியவரின் நிலையைவிடப் பல மடங்கு மேல். நோய், வேலையிழப்பு, மணமுறிவு போன்ற காரணத்தைத் தேதிகளோடு சொல்ல முடிந்தால் மனிதரே கோப்பைப் படிக்கும் சிறு நிறுவனங்கள் காது கொடுக்கும். கணினியின் மதிப்பெண்ணை மட்டும் நம்பும் பெரிய வங்கியில் அதற்கு இடமிருக்காது. 2020 மார்ச்சில் தொடங்கிய கோவிட் காலத் தவணை ஒத்திவைப்பை முறைப்படி பெற்றிருந்தால், அது தவறிய தவணையாகப் பதிவாகியிருக்கக் கூடாது. பதிவாகியிருந்தால் திருத்தக் கேட்கலாம்.

பழைய வீடு

குடியிருப்புக் கடனில் வாங்கிய வீட்டைக் கடன் கொடுத்தவரைக் கேட்காமல் வாடகைக்கு விடுவது ஒப்பந்த மீறல். வீட்டுக் காப்பீடும் அதனால் செல்லாமல் போகக்கூடும். இதைச் சாதாரணமாக நினைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: தவறிய தவணை ஒரு கஷ்ட காலத்தின் தடம், அதை விளக்க முடியும், அனுமதியில்லாமல் வாடகைக்கு விட்டதை விளக்குவது கடினம்.

எளிய வழி, கடனை மாற்றாமல் ‘கன்சென்ட் டு லெட்’ எனப்படும் வாடகை அனுமதியை மட்டும் கேட்பது. பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே இது தரப்படும். சில நிறுவனங்கள் கட்டணமோ கூடுதல் வட்டியோ கேட்கும். அந்தக் கடனிலேயே பாக்கி இருந்தால் அனுமதி கிடைப்பது அரிது. மேலும், இந்த வழியில் வீட்டிலிருந்து பணம் எடுக்க முடியாது. முன்பணம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

வாடகை வீட்டுக் கடனாக மாற்றினால் கூடுதலாகக் கடன் எடுக்கலாம். ஆனால் அங்கே சம்பளத்துக்கு முன்னால் வாடகை அளக்கப்படும். வழக்கமாக 5.5 விழுக்காடு வட்டியை வைத்துப் பார்ப்பார்கள். ஐந்தாண்டோ அதற்கு மேலோ வட்டி மாறாத கடனுக்குச் சலுகை உண்டு. இப்படிக் கணக்கிட்ட வட்டித் தொகையில் 125 விழுக்காடு வாடகையாக வர வேண்டும். உயர் வரி விகிதத்தில் உள்ளவருக்கு 145 விழுக்காடு கேட்பது பரவலான வழக்கம்.

ஒரு கணக்கு

இங்கிலாந்தில் 3,00,000 பவுண்டு மதிப்புள்ள ஒரு வீடு, அதன் மேல் 1,80,000 பவுண்டு கடன் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பில் 75 விழுக்காடு வரை, அதாவது 2,25,000 வரை கடன் கிடைத்தால் கையில் 45,000 வரும். அதற்கு வாடகை போதுமா? 2,25,000க்கு 5.5 விழுக்காடு வட்டி ஆண்டுக்கு 12,375. அடிப்படை வரி கட்டுபவருக்கு மாத வாடகை சுமார் 1,290 பவுண்டு வேண்டும். உயர் வரி கட்டுபவருக்குச் சுமார் 1,495 வேண்டும்.

வாடகை போதும் என்றே கொள்வோம். புதிய வீட்டின் விலை 4,00,000. 2025 ஏப்ரல் முதலான விகிதத்தில் சாதாரண முத்திரை வரி 10,000 பவுண்டு. பழைய வீட்டை விற்காததால், 2016 ஏப்ரலில் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024 அக்டோபர் 31 முதல் 5 விழுக்காடாக உயர்ந்த கூடுதல் வரியும் சேரும். அது முழு விலைக்கும் கணக்கிடப்படுவதால் 20,000. மொத்த வரி 30,000. பழைய வீட்டிலிருந்து எடுத்த 45,000இல் மிஞ்சுவது 15,000. புதிய வீட்டின் விலையில் 4 விழுக்காடுகூட இல்லை. தவணை தவறியவரிடம் சிறப்பு நிறுவனம் 15 விழுக்காடு முன்பணம் கேட்டால் அது 60,000. துண்டு விழுவது 45,000 பவுண்டு. வழக்கறிஞர் கட்டணமும் மதிப்பீட்டுச் செலவும் இதில் சேரவில்லை. கடன் மறுக்கப்படுவதற்கு முன்பே பலருடைய திட்டம் இங்கேதான் முறிகிறது. ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் இதையொத்த வரிகள் தனித்தனி விகிதத்தில் உண்டு.

புதிய வீட்டை வாங்கிய 3 ஆண்டுகளுக்குள் பழையதை விற்றால் அந்தக் கூடுதல் 20,000 பவுண்டைத் திரும்பப் பெறலாம். ஆனால் வாங்கும் நாளில் அதைக் கையில் வைத்திருந்தாக வேண்டும்.

வாடகைக்கு விட்ட பிறகு

வாடகை வருமானத்திலிருந்து கடன் வட்டியைச் செலவாகக் கழிக்க முடிந்த காலம் 2020 ஏப்ரலோடு முடிந்தது. வட்டியில் 20 விழுக்காடு அளவுக்கே இப்போது வரிக்கழிவு. வாடகைதாரரின் வைப்புத்தொகையை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் சேர்ப்பது, ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை, ஆற்றல் சான்றிதழ் எனக் கடமைகள் வேறு. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு நீங்குகிறது. வீட்டை விற்பதற்காகக் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் வாடகையின் முதல் 12 மாதத்துக்கு அது பொருந்தாது, அதன்பின்னும் 4 மாத முன்னறிவிப்பு வேண்டும். மூன்றாண்டுக்குள் விற்று வரியைத் திரும்பப் பெற நினைப்பவர் இந்த மாதங்களையும் விற்பனைக்கு ஆகும் காலத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன்

மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் இலவசமாகப் பெறலாம். மூன்றையும் பார்ப்பது அவசியம். ஒன்றில் இல்லாத குறி இன்னொன்றில் இருக்கும். தவறான பதிவை எதிர்க்கலாம். சரியான பதிவாக இருந்தால் 200 சொல்லுக்கு மிகாத விளக்கக் குறிப்பு ஒன்றை அதனோடு சேர்க்கச் சொல்லும் உரிமையை 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் தருகிறது. பிரிந்துபோன துணையோடு முன்பு கூட்டுக் கணக்கு இருந்திருந்தால், அவருடைய தவறுதல்களும் விண்ணப்பதாரரின் மேல் நிழலாக விழும். கணக்கை மூடிய பின் அந்தத் தொடர்பை அறுக்கக் கேட்க வேண்டும். முழு விண்ணப்பம் ஒவ்வொன்றும் தடம் பதிக்கும் என்பதால், வங்கி வங்கியாக ஏறி இறங்குவதைவிட, முழு விவரத்தையும் ஒரு புரோக்கரிடம் முதலிலேயே சொல்லிப் பொருத்தமான ஓரிடத்தில் விண்ணப்பிப்பது நல்லது. தவறுதலை மறைப்பது பயனற்றது, ஆபத்தானதும்கூட: கடனுக்காகப் பொய் விவரம் தருவது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டப்படி குற்றம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது, விண்ணப்பதாரரின் முகவரியையும் அடையாளத்தையும் கடன் நிறுவனம் உறுதிப்படுத்த உதவுகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்நாட்டுக் குடியுரிமையோடு பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் தமிழர்களும் பிரிட்டிஷ் குடியுரிமை பெறும்வரை காத்திராமல் அங்கே பெயர் பதிந்துகொள்ளலாம்.