திருவருகைக் காலம்: மட்டக்களப்பு வாவிக்கரைத் திருச்சபைகளின் ஆயத்த மரபு

திருவருகைக் காலம், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கி, நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று ஆரம்பமாகும் ஆயத்த காலமாகும். ஐந்தாம் நூற்றாண்டிலே, பிரான்சு தேசத்துத் தூர் நகரின் ஆயராக விளங்கிய பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 ஆம் நாளாகிய புனித மார்த்தினார் திருநாள் முதல் நத்தார் வரை வாரத்தில் மூன்று நாட்கள் உபவாசம் காக்கும்படி விதித்தார். உரோமாபுரியில் வழங்கிய நான்கு ஞாயிறு என்னும் வரையறை மகா கிரகோரியார் (590–604) பெயரோடு இணைத்துக் கூறப்படும். கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூர்தலும், அவருடைய இரண்டாம் வருகையை எதிர்நோக்குதலும் ஆகிய இரு கருத்துக்கள் இக்காலத்தில் ஒன்றுசேர்கின்றன.

மட்டக்களப்பில் இக்காலம் வடகீழ்ப் பருவக்காற்றின் கனமழையோடு வருவது. மாரிப்போக வயல்கள் பசுமையேறி நிற்க, வாவி பெருகிக் கரையைத் தொட, கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே போக்குவரத்துத் தளர்ந்து, மாந்தர் வீட்டுக்குள் ஒடுங்கும் நாட்கள் இவை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அங்கு வாவியைக் கடப்போர் ‘பாதை’ எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். ஆதலால் ஆலயத்துக்குச் செல்ல இயலாதபோது குடும்பமாகக் கூடிச் செபிப்பது இப்பிரதேசத்து விசுவாசிகளுக்கு இயல்பாயிற்று.

அவ்வியல்புக்குப் பழைய வேரும் உண்டு. போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் எழுப்பிய கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களுடைய ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்படவே, 1687 இல் யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்திறங்கும் வரையில், இலங்கைத் தீவெங்கும் குருமாரற்ற மந்தையை மூப்பரும் அண்ணாவிமாருமாகிய பொதுநிலையினரே செபம் சொல்லிக் காத்து வந்தனர். ஆங்கிலேயர் அத்தடைகளை நீக்கியது 1806 இல் ஆகும். 1893 இல் அமைந்த திருகோணமலை மறைமாவட்டம், பிரெஞ்சு இயேசு சபையாரின் பொறுப்பில் மட்டக்களப்பையும் உள்ளடக்கியிருந்தது. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012 இல்.

மெதடிஸ்த திருச்சபையின் வரலாறு 1814 இல் இங்கு வந்த வில்லியம் ஓல்ட் என்பவரோடு தொடங்குகிறது. ஒரு பாடசாலையைத் தொடங்கிவிட்டு 1815 ஏப்ரலில் அவர் மரித்தமையால், மட்டக்களப்பில் அவர் கண்ட திருவருகைக் காலம் ஒன்றேயாகும். பண்டிகை நாட்கள் பலவற்றை விலக்கித் தவக்காலத்தையும் விட்டுவிட்ட மெதடிஸ்த இயக்கத் தாபகர் யோன் வெஸ்லி, 1784 இல் வெளியிட்ட வழிபாட்டு நூலில் திருவருகையின் நான்கு ஞாயிறுகளைப் பேணிக்கொண்டது கவனிக்கத்தக்கது. இன்று பல சபைகளிலும் காணப்படும் மெழுகுதிரி வளையமோ மிகப் பிந்தியது. 1839 இல் ஹம்பேர்க் நகரில் யோகான் விக்கேர்ன் என்னும் போதகர், தாம் பராமரித்த ஏழைச் சிறுவர்களுக்காக வண்டிச் சக்கரமொன்றில் திரிகளை ஏற்றி வைத்ததிலிருந்து பரவியது. அதில் இரண்டாம் வாரத்துத் திரியைச் சமாதானத்துக்குரியதாகக் கொள்ளும் வழக்கம் பல சபைகளில் உண்டு.

சமாதானம் என்னும் அச்சொல்லை இவ்வாவிக்கரையார் எளிதில் சொல்லிவிட இயலாது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் வீழ்த்தி நூற்றுக்கணக்கானோரை மாய்த்த பத்தாம் நாளில், அவ்வாண்டின் முதல் திருவருகை ஞாயிறு வந்தது. 2004 இல் நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தது. அடுத்த ஆண்டின் ஆயத்த காலமோ, புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலியின்போது பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டதோடு முடிவுற்றது. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் சிறுவர் பலர் மாண்டனர். இத்துணை இழப்புகளுக்குப் பின்னும் டிசம்பர்தோறும் விசுவாசிகள் கூடிச் சமாதானத் திரியை ஏற்றுவதை வெறும் சடங்கென்று ஒதுக்குவது பெரும் அநீதியாகும்.

பாடசாலைகளில் நத்தாரைக் கொண்டாடும் ஒளிவிழாக்கள் பெரும்பாலும் திருவருகைக் காலத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. இந்துப் பிள்ளைகளும் பாலன் குடிலைச் சூழ நின்று பாடும் அவ்விழா, அயலாரோடு கொள்ளும் நல்லுறவுக்குச் சிறந்த சாதனமாதலின் அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் ஆலயத்துக்குள்ளும் முதல் வாரத்திலேயே நத்தார்க் கீதங்கள் ஒலிக்கத் தொடங்கிவிட்டால், ஆயத்தத்துக்கென்று வகுத்த மௌனம் பாழாகிறது. 1969 இன் கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஒழுங்கு டிசம்பர் 17 முதல் 24 வரையான வாரநாட்களை நத்தாருக்கான நேரடி ஆயத்தத்துக்கெனத் தனியே குறித்திருக்கிறது. மழையால் வேலைகள் குறையும் அந்நாட்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கும், பகைத்திருந்த உறவினரோடு ஒப்புரவாதலுக்கும், நோயாளரைச் சந்திப்பதற்கும் ஒதுக்குவதே இப்பிரதேசத்துக்கு மிகவும் பொருந்தும்.