ஓரியின் அம்பிலிருந்து .315 வரை: ஒரு வேட்டைத் துப்பாக்கியின் கதை

நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வருவது எருமப்பட்டி. பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கும். 70 கொண்டை ஊசி வளைவு, அரப்பளீஸ்வரர் கோவில், ஆகாய கங்கை அருவி... இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கொல்லிமலை. ஆனால் இந்த மலைக்கு இன்னொரு பெயரும் உண்டு. தமிழில் மிகப் பழைய வேட்டைக் கதைகளில் ஒன்று நடந்த இடம் இதுதான்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இந்த மலையை ஆண்டவன். புறநானூற்றின் 152வது பாட்டில் வன்பரணர் அவனுடைய வில்லைப் பற்றிச் சொல்கிறார். ஒரே அம்பு. முதலில் யானை, அடுத்து புலி, பிறகு புள்ளிமான், அதன்பின் காட்டுப்பன்றி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பு. ஐந்தையும் துளைத்துக்கொண்டு போய் நின்றதாம் அந்த அம்பு! இன்றும் செம்மேட்டில் ஓரிக்கு சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது.

புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், அதை விடுங்கள். கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலில் மானும் பன்றியும் இருப்பதை. இரண்டாயிரம் வருடம் கழித்தும் இந்த மலையடிவாரத்து விவசாயிக்கு தலைவலி கொடுப்பதில் முதல் இடம் பன்றிக்குத்தான். வில் போய் துப்பாக்கி வந்தது, துப்பாக்கியும் போய் சட்டம் வந்தது. பன்றி மட்டும் போகவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் துப்பாக்கியைப் பற்றியது.

தாழ்ப்பாள் தத்துவம்

மலையில் முதலில் வந்தது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியாக கருமருந்தைப் போட்டு, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து கெட்டித்து சுட வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுபடி தயாராவதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும். மழை பெய்தால் மருந்து நமத்துப் போகும்.

இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை, வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தால் போதும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். பாகங்கள் குறைவு, பூட்டு உறுதி. அதனால்தான் 1800களின் இறுதியில் உலகின் பெரிய ராணுவங்கள் எல்லாம் இதற்கு மாறின.

இதில் இரண்டு குடும்பங்கள் முக்கியம். ஒன்று ஜெர்மனியின் பால் மவுசர் உருவாக்கி 1898ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட மவுசர் 98. போல்ட்டின் முன்பக்கம் இரண்டு பெரிய பூட்டுப் பற்கள், பாதுகாப்புக்கு பின்னால் மூன்றாவதாக ஒன்று. தோட்டா மேலே வரும்போதே அதன் விளிம்பை ஒரு பெரிய கொக்கி பிடித்துக்கொள்ளும். அதனால் பதட்டத்தில் போல்ட்டை அரைகுறையாகத் தள்ளினாலும் தோட்டா நழுவி சிக்கிக்கொள்வது குறைவு. இன்னொன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு. இதில் பூட்டு பின்பக்கம் இருக்கும். மவுசர் அளவுக்கு வலு இல்லாவிட்டாலும், வேகமாக இயக்குவதில் இதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அளந்து தைத்த சட்டை மாதிரி

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் இருந்த கலெக்டர், காபி எஸ்டேட் துரை, மகாராஜா போன்றவர்கள் வேட்டை ரைஃபிளை ரெடிமேடாக மட்டும் வாங்கவில்லை. லண்டனில் ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற கம்பெனிகளுக்கு ஆர்டர் கொடுத்து செய்துகொண்டார்கள். ஜெர்மனியில் இருந்து மவுசர் ஆக்‌ஷன் வரும், குழலும் கட்டையும் இங்கிலாந்தில் சேரும். கல்கத்தாவில் மாண்டன், ரோடா போன்ற கடைகளும் சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸும் துப்பாக்கி விற்றன.

அப்படி மானுக்கும் பன்றிக்குமாக ஒரு ரைஃபிள் திட்டமிடுபவர் என்னவெல்லாம் யோசிப்பார்?

முதலில் தோட்டா. மான் மெல்லிய உடம்பு. பன்றி அப்படி இல்லை, ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்த தோல் இருக்கும். லேசான குண்டு அதில் ஆழமாக இறங்காது. அடிபட்ட பன்றி திரும்பி ஆளைக் குத்த வரும். எனவே நடுத்தர வேகமும் நல்ல எடையும் உள்ள குண்டு வேண்டும். மவுசரின் 7 மி.மீ. தோட்டாவை ரிக்பி கம்பெனி .275 என்று பெயர் மாற்றி விற்றது. 1907ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது இந்த ரகம்தான்.

அடுத்து குழல். திறந்த புல்வெளியில் நீளமான குழல் நல்லது. ஆனால் கொல்லிமலை மாதிரி புதர்க்காட்டில் நீளக் குழல் கொடியில் மாட்டும். அதனால் 22 அல்லது 24 அங்குலம். பிறகு கட்டை. வால்நட் மரம், தோளில் இருந்து விசை வரை சுமார் 14 அங்குலம். ஆளின் கை நீளத்தைப் பொறுத்து இது மாறும். டெய்லரிடம் அளவு கொடுப்பது போலத்தான். கட்டை சரியாக இருந்தால் துப்பாக்கியைத் தோளில் வைத்த உடனே கண் தானாக குறிக்கு நேராக வரும். அந்தி நேரத்தில் புதரை விட்டு வெளியே வரும் பன்றிக்கு முன்னால் அந்த ஒரு நொடிதான் எல்லாம்.

.303 கூடாது, .315 ஆகட்டும்

இங்கேதான் இந்தியாவுக்கே உரிய ஒரு விசித்திரம் வருகிறது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயருக்கு இந்தியர் கையில் இருக்கும் துப்பாக்கி என்றாலே பயம். 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்தப் பாரபட்சத்தை எதிர்த்து 1887ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானமே போட்டது.

சட்டம் போட்ட பிறகும் பயம் தீரவில்லை. ராணுவத்தில் இருந்து திருடு போகும் .303 தோட்டா, வெளியே யாரிடமாவது இருக்கும் .303 ரைஃபிளுக்குப் பொருந்திவிடுமே? அதனால் ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்தார்கள். .450 காலிபருக்கும் இதே கதிதான். உடனே இங்கிலாந்து கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைச் சந்தையில் இறக்கின. ஒரு அரசாங்க உத்தரவு எப்படி ஒரு மார்க்கெட்டையே மாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் இது.

.303க்குப் பதிலாக வந்ததுதான் .315. ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிஷர் தோட்டாவை எடுத்து, லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் பொருத்தினார்கள். பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ கம்பெனி இதை இந்தியாவுக்காகவே செய்து அனுப்பியது. குண்டின் எடை சுமார் 16 கிராம். வேகம் அதிகமில்லை. ஆனால் பன்றிக்கும் மானுக்கும் காட்டு தூரத்தில் தாராளமாகப் போதும்.

வெள்ளைக்காரன் போனான், அவன் போட்ட விதி போகவில்லை. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959ல் நிறைவேறி 1962ல் அமலுக்கு வந்தது. அதிலும் .303 பொதுமக்களுக்குத் தடைதான். மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை .315ஐத் தொடர்ந்து செய்தது. 1980களில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோக, ரைஃபிள் வேண்டும் என்றால் பெரும்பாலானோருக்கு இஷாப்பூரே கதி என்று ஆனது. ஆஸ்திரியா எப்போதோ கைவிட்ட ஒரு தோட்டா, இந்தியாவில் மட்டும் நூறு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் ரகசியம் இதுதான். போட்டியே இல்லாத சந்தையில் பழைய சரக்கு எத்தனை காலம் ஓடும் என்பதை இதைவிட அழகாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

சேலம் ஜில்லாவின் வேட்டைக் காலம்

இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே ஒரு காலத்தில் சேலம் ஜில்லா. தருமபுரி 1965லும் நாமக்கல் 1997லும் பிரிந்தன. அந்தப் பெரிய சேலத்தின் காடுகளைப் புத்தகத்தில் ஏற்றியவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910-1974). ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று அவர் கதைகளில் வருவதெல்லாம் நம் பக்கத்து ஊர்கள். அவர் கையில் இருந்தது போல்ட் ஆக்‌ஷன் அல்ல, .405 வின்செஸ்டர் என்ற லீவர் ரைஃபிள். அவருடைய முதல் புத்தகம் 1954ல் வந்தது.

அப்போது வனத்துறையிடம் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம். விளைவு என்ன? காடு காலியானது. 1972ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சில விலங்குகளுக்கு வேட்டை லைசென்ஸ் என்ற கதவு திறந்தே இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. இன்று இந்தியாவில் ஒருவர் எவ்வளவு அழகான ரைஃபிள் வைத்திருந்தாலும், பொழுதுபோக்குக்காக ஒரு மானைக்கூட சுட முடியாது. சுட்டால் ஜெயில்தான்.

பன்றிக்கு யார் பதில் சொல்வது?

மானைக் காப்பாற்றியது சரி. ஆனால் மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டவன் கதி? பன்றி ஒரே இரவில் ஒரு காட்டையே உழுதுவிட்டுப் போய்விடும். தின்பது கொஞ்சம், நாசம் பண்ணுவதுதான் அதிகம். விதை, உரம், கூலி என்று போட்ட முதல் அத்தனையும் மண்ணோடு போகும். பரண் கட்டி, தகரம் தட்டி, நாயோடு கண் விழித்துக் காவல் காக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1959 ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று இன்றும் இருக்கிறது. அதாவது ஒரு சட்டம் பயிரைக் காக்க துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் அதை வைத்து பன்றியைச் சுடக் கூடாது என்கிறது. வானத்தைப் பார்த்து சுட்டு சத்தம் காட்டலாம். பன்றி இரண்டு நாளில் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும்!

வழி அடைபட்டால் மனிதன் குறுக்கு வழி தேடுவான். சிலர் வேலியில் கரண்ட் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கரண்டுக்குப் பன்றி எது, யானை எது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் எது என்று தெரியாது. குறி பார்த்துச் சுடும் ரைஃபிளை விடக் கொடிய ஆயுதம் குறியே இல்லாத அந்தக் கம்பி.

மற்ற மாநிலங்கள் வேறு வழி பார்த்தன. கேரளா 2022ல் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஒரு முடிவு அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்து காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்.

இப்போது எருமப்பட்டியில் இருந்து மறுபடி மலையைப் பாருங்கள். பன்றித் தொல்லை அதிகம் இருப்பது மலைக்கு ஒட்டிய அந்த முதல் ஒரு கிலோமீட்டரில்தான். சுட அனுமதி கிடைப்பதோ மூன்றுக்கு அப்பால். அந்த ஒரு கிலோமீட்டர் விவசாயிக்கு மிச்சம் இருப்பது தகரமும் டார்ச் லைட்டும் நஷ்ட ஈட்டு மனுவும்தான். அந்த நஷ்ட ஈடாவது அடுத்த போக விதைப்புக்கு முன்னால் கைக்கு வந்தால், மின்வேலிக் கம்பி வாங்கப் போகிறவர்கள் பாதிப் பேராவது திரும்பி வருவார்கள்.

ஓரி ஐந்து விலங்கை ஒரே அம்பில் வீழ்த்தியதற்கு விழா எடுக்கிறோம், எடுக்கட்டும். அவன் மலையடிவாரத்தில் கடலைக்காட்டுப் பரண் மேல் இன்று இரவும் ஒருவர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார் என்பதையும் அந்த மேடையில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.