ஓட்டமும் ஒழுங்கும்: சிங்கப்பூர் மோட்டார்ப் பந்தயம் தரும் பாடம்



வேகம் என்றால் இளைஞர்களுக்குப் பிரியம்; பெற்றோர்களுக்குப் பயம். இரவு நேரத்தில் பெருஞ்சாலைப் பக்கம் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் கேட்டால், "நம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறானா?" என்று எழுந்து பார்க்கும் தாய்மார்கள் நம் தோட்டங்களில் உண்டு. வேகத்தை விரும்புவது குற்றமா? அப்படியானால் உலகெங்கும் பந்தயங்கள் நடப்பதேன்? விளையாட்டுக்கும் விபரீதத்துக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு எது? இக்கேள்விகளுக்கு விடை தேடி இன்று நாம் அண்டை நாடான சிங்கப்பூரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

சிங்கப்பூருக்குச் சென்று வந்தவர்கள் சிராங்கூன் சாலையை அறிவார்கள். வீரமாகாளியம்மன் கோயிலும், பூக்கடைகளும், மளிகைக் கடைகளும் நிறைந்த அந்த லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் சாலைக்கு இணையாக இன்னொரு சாலை செல்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர் பெற்ற அதன் பெயர் ரேஸ் கோர்ஸ் சாலை. பந்தயமே நடக்காத இடத்துக்குப் பந்தயத் திடலின் பெயர் எப்படி வந்தது? 1842ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டு, 1843இல், இந்தச் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்து காட்டியதும் அதே திடலில்தான். 1933இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கும், அதன் பின்னர் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 181 ஆண்டுகள் நீடித்த குதிரைப் பந்தயம் மறைந்தது. சாலையின் பெயர் மட்டும் நின்றது.

குதிரைப் பந்தயம் சூதாட்டத்தையும் வளர்த்து, எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்தது. அதை நாம் போற்றவில்லை. ஆயினும் அதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஓடுவதற்கென்று தனித் திடல். பார்ப்பவர்களுக்கென்று தனி இடம். இரண்டுக்கும் நடுவே வேலி. முடிவு சொல்ல நடுவர். இந்த நான்கும் இல்லாமல் எந்தப் பந்தயமும் விளையாட்டாகாது என்ற அறிவு அன்றே இருந்தது.

குதிரைகளோடு தொடர்புடைய இன்னொரு விளையாட்டும் அக்காலத்தில் உண்டு. அதற்கு 'ஜிம்கானா' என்று பெயர். இது நம் இந்திய நாட்டில் பிறந்த சொல். பந்து விளையாடும் இடத்தைக் குறித்த 'கேந்த் கானா' என்ற வடநாட்டுச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். முதலில் விளையாட்டுச் சங்கத்தைக் குறித்த இந்தச் சொல், பிறகு குதிரை மீதமர்ந்து கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டிக் காட்டும் திறமைப் போட்டியைக் குறிக்கலாயிற்று. குதிரை போய்க் கார் வந்தபோது, அதே பெயர் கார்ப் போட்டிக்கும் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கார் வைத்திருந்தோர் சங்கங்கள் மோட்டார் ஜிம்கானாக்களை நடத்தின. இன்று 'ஆட்டோகிராஸ்' என்று அமெரிக்காவில் வழங்கும் போட்டி இதற்கு நெருங்கிய உறவினன்.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் 1896இல் வந்தது. பென்ஸ் என்ற ஜெர்மானியக் கார் அது. அதை வைத்திருந்தவர் சார்லஸ் பக்லி என்ற ஆங்கிலேயர். அது போட்ட சத்தத்தைக் கேட்டு மக்கள் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று பட்டப்பெயர் சூட்டினார்களாம். 1907இல் கார் வைத்திருப்போருக்கென்று சங்கமும் தோன்றிவிட்டது. பிற்காலத்தில் சவுத் போனா விஸ்தா சாலையின் மேட்டில் மலையேற்றப் போட்டிகள் நடந்தன. இப்போட்டியில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொரு காராகப் புறப்படும். ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரம் சொல்லும். இந்த 'ஒவ்வொருவராக' என்ற விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1961இல் நிலைமை மாறியது. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கச் சிங்கப்பூர் எடுத்த முயற்சிகளின் பகுதியாக, அந்த ஆண்டு செப்டம்பரில் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி என்னும் பெரும்பந்தயம் நடைபெற்றது. பொதுமக்கள் அன்றாடம் பயன்படுத்திய சாலையையே சில நாட்களுக்கு மூடி, பந்தயப் பாதையாக்கினார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். நேராக நீண்டு கிடந்த பகுதிக்குத் 'தாம்சன் மைல்' என்றும், நெளிந்து செல்லும் பகுதிக்குப் 'பாம்புகள்' என்றும், ஆபத்தான ஒரு திருப்பத்துக்குச் 'சாத்தான் வளைவு' என்றும் பெயர்கள் வழங்கின. முதலாண்டில் ஆஸ்டன் மார்ட்டின் கார் ஓட்டிய இயன் பார்ன்வெல் வென்றார். 1962 முதல் 1965 வரை பந்தயம் மலேசியாவின் பெயரைத் தாங்கி நடந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. மறு ஆண்டில் சிங்கப்பூர் கிராண்ட் பிரி என்ற பெயரில் நடந்த பந்தயத்தில் அந்நாட்டவரான லீ ஹான் செங் முதலிடம் பெற்றார். 1969 முதல் 1971 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் வென்றார்.

ஆரம்பத்தில் இப்பந்தயத்தில் ஓட்டியவர்களுள் பொழுதுபோக்குக்காகக் கார் ஓட்டியவர்கள் பலர். காலம் செல்லச் செல்லக் கார்களின் வேகம் கூடியது. ஆனால் சாலை அதே சாலைதான். பாதையோரத்தில் விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், ஆழமான மழைநீர்க் கால்வாய்கள். மழை பெய்தால் வழுக்கும். 1964ஆம் ஆண்டுப் பந்தயம் கடும் மழையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு வெற்றியாளரே இல்லை. அப்படி நிறுத்தத் துணிந்ததை நாம் பாராட்டவேண்டும். கூட்டம் ஏமாந்தாலும் போட்டியை நிறுத்தும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கவேண்டும் என்பது பந்தய விதிகளுள் தலையாயது. ஆயினும் ஆண்டுதோறும் ஆபத்து வளர்ந்தது. 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. சாலைப் போக்குவரத்தும் பெருகிவிட்டிருந்தது. 1973ஆம் ஆண்டுப் பந்தயமே கடைசியாயிற்று.

சாலையில் ஓடும் பந்தயம் ஆபத்து என்பதை உலகம் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1903இல் பாரிசிலிருந்து மாட்ரிட் நகருக்குப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் மாண்டனர். பந்தயம் பிரான்சின் போர்தோ நகரிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்தபோது எண்பதுக்கும் அதிகமானோர் இறந்தனர். அதன் பிறகு சுவிட்சர்லாந்து கார்ப் பந்தயங்களையே தடை செய்தது. பந்தய விதிப் புத்தகத்தின் பல வரிகள் இப்படி உயிர்களைப் பறிகொடுத்த பின் எழுதப்பட்டவை.

தாம்சன் சாலை மூடப்பட்டபின் சிங்கப்பூரின் ஆர்வலர்கள் என்ன செய்தார்கள்? பெரிய பந்தயம் வேண்டியவர்கள் பாலம் கடந்து மலேசியாவுக்கு வந்தார்கள். சிலாங்கூரில் 1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயத் தளமும், ஜொகூரில் 1986இல் திறக்கப்பட்ட பாசிர் கூடாங் தளமும் அவர்களுக்கு இடமளித்தன. அவ்வளவு செலவு செய்ய இயலாத சாதாரண ஆர்வலருக்குரிய வழிதான் நாம் முன்னர்ச் சொன்ன ஜிம்கானா அல்லது ஆட்டோகிராஸ். இதற்கு மலையும் வேண்டாம், நெடுஞ்சாலையும் வேண்டாம். அகன்ற கார் நிறுத்துமிடம் ஒன்று காலியாகக் கிடைத்தால் போதும்.

இது எப்படி நடக்கிறது? திடலில் ரப்பர்க் கூம்புகளை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து செல்லும் பாதையை அமைப்பார்கள். ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் சுண்ணக்கோடு வரைவார்கள். போட்டிக்கு முன் ஓட்டுநர்கள் எல்லாரும் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க வேண்டும். கார்களைப் பரிசோதிப்பார்கள். தடை பிடிக்கிறதா, சக்கரத்தின் திருகாணிகள் இறுகியுள்ளனவா, மின்கலம் அசையாமல் கட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து, காருக்குள் கிடக்கும் சாமான்களை எல்லாம் இறக்கி வைக்கச் சொல்வார்கள். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் கட்டாயம். பிறகு கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். பந்தயம் கடிகாரத்தோடுதான், பக்கத்துக் காரோடு அல்ல.

1944இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டுக் கார் சங்கத்தின் விதிகள் இத்துறையில் பலராலும் அறியப்பட்டவை. அவற்றின்படி, கூம்பு ஒன்று சாய்ந்தாலோ, சுண்ணக்கோட்டை விட்டு முழுவதும் விலகினாலோ, ஓட்டுநரின் நேரத்தில் 2 விநாடி கூட்டப்படும். கூம்பு நிமிர்ந்து நின்று, அதன் ஒரு பகுதியாவது கோட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. பாதையையே தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. ஓட்டுநருக்குச் சில வாய்ப்புகள் தரப்படும். அவற்றுள் சிறந்த நேரமே கணக்கில் கொள்ளப்படும். முந்திச் சென்ற கார் தள்ளிய கூம்பு இன்னும் சரிசெய்யப்படாமல் கிடந்தால், அடுத்து வரும் ஓட்டுநர் காரை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டலாம். அவருக்கு மறு ஓட்டம் உண்டு. சிவப்புக் கொடி காட்டினால் எவரும் உடனே நிறுத்தியாக வேண்டும்.

இவற்றைக் கேட்கும்போது நம் தோட்டப் பள்ளி விளையாட்டு விழாவின் எலுமிச்சம்பழ ஓட்டம் நேயர்களுக்கு நினைவு வரக்கூடும். கரண்டியை வாயில் கவ்வி, அதில் பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் பிள்ளை, வெறும் வேகத்தால் வெல்வதில்லை. பழம் விழுந்தால் வேகத்தால் என்ன பயன்? ஆட்டோகிராஸும் அதே இனம்தான். இரண்டு கூம்புகளைத் தட்டியவன் நான்கு விநாடிகளை இழக்கிறான். வெற்றி தோல்வியை ஒரு விநாடியின் சிறு பகுதி தீர்மானிக்கும் விளையாட்டில் நான்கு விநாடி என்பது மலை. ஆகவே விதியே வேகத்துக்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது.

இன்னொரு விதி நம் மனத்தைக் கவர்கிறது. ஓட்டுநர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு குழு ஓட்டும்போது மற்றொரு குழு வெயிலில் நின்று விழுந்த கூம்புகளைத் தூக்கி நிறுத்தும், கொடி பிடிக்கும், நேரம் குறிக்கும். பிறகு பணி மாறும். வசதியுள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. உழைப்பைப் பகிர்ந்து கொண்டால்தான் விளையாட்டு என்பது உழைக்கும் மக்களாகிய நமக்கு எளிதில் விளங்கும்.

பார்வையாளர் நிற்கும் இடமோ எல்லாவற்றிலும் முக்கியமானது. இலங்கை மலைநாட்டின் தியத்தலாவையில் 2024 ஏப்ரலில் நடந்த ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டம் அது. பந்தயம் நடக்கும் இடத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, வளைவின் வெளிப்புறத்தில் நிற்காமல், கயிறோ தடுப்போ கட்டிய இடத்துக்குப் பின்னால் மட்டுமே நிற்கவேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது.

சிங்கப்பூரில் பெரும்பந்தயம் மீண்டும் வந்ததும் வரலாறே. 2008 செப்டம்பரில் மரீனா பே பகுதியில் ஃபார்முலா 1 பந்தயம் மின்விளக்கொளியில் இரவில் நடந்தது. அவ்வகைப் பந்தயங்களில் இரவில் நடந்த முதல் பந்தயம் அதுவே. இதுவும் நகரச் சாலைதான். ஆனால் இம்முறை பாதையின் இரு பக்கமும் கனத்த தடுப்புச் சுவர்களும் உயர்ந்த கம்பி வேலிகளும் எழுந்தன. தாம்சன் சாலைக்கும் மரீனா பேக்கும் இடைப்பட்ட 35 ஆண்டுகளில் கார் மட்டும் முன்னேறவில்லை, வேலியும் முன்னேறியது. அதே சிங்கப்பூரில், அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம், வாகனமும் பறிமுதலாகலாம். பந்தயத்தை வரவேற்பதும் அதே நாடு, தண்டிப்பதும் அதே நாடு. இரண்டையும் பிரிப்பது விதி ஒன்றே.

நேயர்களே, நம் தோட்டச் சாலைகளுக்கும் இவ்விளையாட்டு புதிதன்று. ஜொகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளில் மலேசிய ரேலி போட்டிகள் நடந்ததுண்டு. அதைப் பார்த்த இளைஞன் தானும் ஓட்ட விரும்புவது இயல்பே. "ஓட்டாதே" என்று மட்டும் சொன்னால் அவன் கேட்பதில்லை. "எங்கே ஓட்டுவது, எப்படி ஓட்டுவது" என்று காட்டினால் கேட்பான். ஒரு சிறு யோசனை கூறுவோம். பள்ளித் திடலில் காலிப் பால் டின்களைக் கூம்புகளாக வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, சைக்கிள் ஜிம்கானா ஒன்று நடத்திப் பாருங்கள். ஒவ்வொருவராகப் புறப்படட்டும். டின் விழுந்தால் இரண்டு விநாடி கூட்டுங்கள். ஓட்டாத பிள்ளைகள் டின்னை நிமிர்த்தட்டும், நேரம் குறிக்கட்டும். சத்தமில்லாமல், செலவில்லாமல், வேகத்தோடு நிதானத்தையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

பழைய தாம்சன் சாலைப் பந்தயப் பாதை இன்று என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அதன் ஒரு பகுதியான பழைய அப்பர் தாம்சன் சாலையை ஒட்டி 2019இல் இயற்கைப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அங்கு வாழும் அரியவகைக் குரங்குகளும் பிற விலங்குகளும் பத்திரமாகக் கடந்து செல்ல, சாலையின் இரண்டு தடங்களை ஒன்றாகக் குறைத்தார்கள். இரவில் அதன் ஒரு பகுதியை வாகனங்கள் புகாதபடி மூடவும் செய்கிறார்கள். ஒரு காலத்தில் வேகத்துக்காக மனிதர்கள் ஒதுங்கி நின்ற சாலையில், இன்று குரங்குக் குட்டிக்காக வாகனம் ஒதுங்கி நிற்கிறது. வேகத்தைக் காட்டிலும் உயிர் பெரிது என்று ஒரு நாடு கற்றுக்கொண்ட வரலாறு அந்தச் சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை நாமும் படித்து, நம் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவோமாக.